100 கோடி போஸ்டரைப் பிரிச்சுப் பார்ப்போம்: கிராஸ், நெட், ஷேர்

[திரையில்: ரெண்டாவது வார போஸ்டர் மாதிரி ஒன்று. நடிகர் முகம் நிழலாக. நடுவில் பெரிய எழுத்தில் "100 கோடி". கீழே கொசு எழுத்தில் "உலகளவில் கிராஸ்".]

குரல்:
படம் வந்து ரெண்டாவது வாரம். தயாரிப்பு நிறுவனத்தோட பக்கத்துல போஸ்டர் விழுது: 100 கோடி. ரசிகர்கள் பட்டாசு வெடிக்கிறாங்க. எதிர் முகாம் "செம உருட்டு"ன்னு கலாய்க்குது. ரெண்டு தரப்பும் கீழே இருக்கிற அந்தக் கொசு எழுத்தைப் படிக்கிறதில்லை. அந்த எண் நூத்துக்கு நூறு உண்மையாவே இருக்கலாம். அதே படத்தைத் தமிழ்நாட்டுக்கு வாங்கினவர் 9 கோடி இழந்தும் இருக்கலாம். எப்படின்னு ஒரே ஒரு டிக்கெட்ல இருந்து ஆரம்பிப்போம்.

[திரையில்: சினிமா டிக்கெட் ஒன்று. ஒவ்வொரு வரியாகத் தொகை தோன்றும்.]

2017-ல தமிழ்நாடு அரசு மல்டிபிளெக்ஸுக்கு வெச்ச உச்ச விலை 150 ரூபாய். வரி தனி. புதுத் தமிழ்ப் படத்துக்கு உள்ளாட்சி கேளிக்கை வரி 8 சதவீதமா இருந்து, 2025-ல 4 ஆகக் குறைஞ்சுது. 150-க்கு 4 சதவீதம் 6 ரூபாய். ஆச்சு 156. அதுக்கு மேல ஜி.எஸ்.டி 18 சதவீதம், 28 ரூபாய் 8 காசு. மொத்தம் 184 ரூபாய் 8 காசு.

இந்த 184 தான் கிராஸ். வரியைக் கழிச்ச 150 தான் நெட். இந்த 150-ஐ தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரிச்சுக்கிறாங்க. விநியோகஸ்தருக்கு 60 சதவீதம்னு பேசியிருந்தா, அவர் கைக்கு வர்றது 90 ரூபாய். அதுக்குப் பேர் ஷேர். நீங்க கொடுத்தது 184, படத்துக்குப் போனது 90. ஆன்லைன்ல புக் பண்ணும்போது ஏறுற கட்டணம், பாப்கார்ன், பார்க்கிங், இதுல எதுவும் படத்தோட கணக்குக்கே வராது.

போஸ்டர்ல வர்றது கிராஸ். அதைவிடப் பெரிய எண் கிடைக்காதுங்கிறதால தான் அது வருது.

வரி விகிதம் நடுவுல மாறியிருக்குங்கிறதையும் மறந்துடாதீங்க. 2017 ஜூலையில ஜி.எஸ்.டி வந்தப்போ 100 ரூபாய்க்கு மேல உள்ள டிக்கெட்டுக்கு 28 சதவீதம். அது போதாதுன்னு உள்ளாட்சி வரி 30 சதவீதம்னு அறிவிச்சதும், தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் சில நாள் மூடியே கிடந்துச்சு. 2019 ஜனவரியில 28-ஐ 18 ஆக்கினாங்க. 100 ரூபாய் வரைக்கும் உள்ள டிக்கெட்டுக்கு 18-ல இருந்து 12, அப்புறம் 2025 செப்டம்பர் 22-ல இருந்து 5. அதனால 2018 படத்தோட கிராஸையும் இந்த வருஷப் படத்தோட கிராஸையும் பக்கத்துல வெச்சு "சாதனை முறியடிப்பு"ன்னு எழுதுறவங்க, வரியையும் சேர்த்து ஒப்பிடுறாங்க.

[திரையில்: தமிழ்நாட்டு வரைபடம், ஏரியா ஏரியாவாகப் பிரிந்து நிறம் மாறும்.]

இப்போ வியாபாரம். தமிழ்நாட்டை சினிமாக்காரங்க மாவட்டமா பார்க்கிறதில்லை, ஏரியாவா பார்ப்பாங்க. சென்னை சிட்டி தனி. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூணும் சேர்ந்து என்.எஸ்.சி. கோவை, சேலம். திருச்சி-தஞ்சாவூர் டி.டி. மதுரை-ராமநாதபுரம் எம்.ஆர். திருநெல்வேலி-கன்னியாகுமரி டி.கே. வட ஆற்காடுன்னு ஒரு மாவட்டம் அரசு ஆவணத்துல எப்பவோ போயிடுச்சு. பட வியாபாரத்துல மட்டும் இன்னும் உயிரோட இருக்கு.

ஒரு ஏரியாவை வாங்குறதுக்கு மூணு வழி. முதல் வழி எம்.ஜி, அதாவது மினிமம் கேரண்டி. பணத்தைக் கட்டிடணும். ஷேர் அதுக்குக் கீழே வந்தா நஷ்டம் வாங்கினவருக்கு. மேலே வந்தா, ஒப்பந்தப்படி தயாரிப்பாளருக்கும் ஒரு பங்கு. ரெண்டாவது அட்வான்ஸ். முன்பணம் கட்டி, ஷேர் அதை எட்டலைன்னா மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாம். கேட்கலாம்னுதான் சொன்னேன். வாங்குறது வேற கதை. மூணாவது கமிஷன். விநியோகஸ்தர் படத்தைத் தியேட்டர்ல போட்டுக் கொடுத்து, ஷேர்ல ஒரு சதவீதத்தை எடுத்துக்குவார். லாப நஷ்டம் முழுக்கத் தயாரிப்பாளருக்கு.

ஒரு படம் ஹிட்டான்னு கேட்கிறதுக்கு முன்னாடி எந்த முறையில வித்தாங்கன்னு கேட்கணும். இதைக் கேட்காம நடக்கிற விவாதம் எல்லாம் வெத்துச் சத்தம்.

[திரையில்: அட்டவணை. தமிழ்நாடு 55, கேரளா 6, கர்நாடகா 10, ஆந்திரா-தெலங்கானா 6, வட இந்தியா 3, வெளிநாடு 20.]

கற்பனையா ஒரு படம் எடுத்துக்கலாம். ஓட்டம் முடியுறப்போ உலக கிராஸ் சரியா 100 கோடி. தமிழ்நாட்டு 55 கோடியில, வரி குறைவான மலிவு டிக்கெட்டும் கலந்திருக்கிறதால, வரி ஏறக்குறைய 8 கோடி போகும்னு வைங்க, நெட் 47. பெரிய நடிகர் படத்துக்கு முதல் வாரம் 65, 70 சதவீதம்னு ஷேர் கேட்பாங்க. அடுத்தடுத்த வாரம் அது இறங்கும். சராசரி 55 சதவீதம்னு வெச்சா 26 கோடி. மத்த மாநிலங்கள் 25 கோடி கிராஸ், அதுல ஷேர் ஒன்பது, ஒன்பதரை. வெளிநாடு 20 கோடியில எட்டு, எட்டரை. கூட்டினா 44 கோடி. 100 கோடி போஸ்டருக்குள்ளே இருக்கிற பணம் இவ்வளவுதான். விளம்பரச் செலவும் இதுல இருந்துதான் போகணும்.

தமிழ்நாட்டு உரிமையை ஒருத்தர் எம்.ஜி-யில 35 கோடிக்கு வாங்கியிருந்தார்னு வைங்க. 26 வந்துச்சு. 9 கோடி அவுட். தயாரிப்பாளர் 35-ஐ ரிலீஸுக்கு முன்னாடியே வாங்கிட்டார். அது போக ஓ.டி.டி, சாட்டிலைட், ஆடியோ, ஹிந்தி டப்பிங்னு வேற வருமானம். அவருக்கு லாபம், போஸ்டர் உண்மை, விநியோகஸ்தருக்கு அடி. மூணும் ஒரே நேரத்துல சரி.

இந்த இடைவெளி வெளியே வெடிச்ச சந்தர்ப்பங்களும் உண்டு. 2002-ல 'பாபா' எதிர்பார்த்த அளவு போகாதப்போ, ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2014 டிசம்பர்ல வந்த 'லிங்கா'வுக்கு, நஷ்டத்தை ஈடு கட்டணும்னு கேட்டு விநியோகஸ்தர்கள் சென்னையில உண்ணாவிரதமே இருந்தாங்க.

[திரையில்: கட்டம் போட்ட தாள். வகுப்பு, காட்சி, டிக்கெட் எண்ணிக்கை, வரி, நெட் என்று தலைப்புகள்.]

சரி, நிஜ எண் எங்கே இருக்கு? டி.சி.ஆர்-ல. டெய்லி கலெக்‌ஷன் ரிப்போர்ட். ஒவ்வொரு தியேட்டரும் தினமும் எழுதுறது. எந்த வகுப்புல எத்தனை டிக்கெட், எந்தக் காட்சி, வரி எவ்வளவு, நெட் எவ்வளவுன்னு வரிசையா இருக்கும். பெரிய படம்னா விநியோகஸ்தர் சார்பா ஒரு ரெப் தியேட்டர்லயே உட்கார்ந்து, தலையை எண்ணிச் சரிபார்ப்பார். இந்தத் தாள் வெளியே வராது. எல்லாத் தியேட்டர் கணக்கையும் ஒரே இடத்துல திரட்டி மக்களுக்குச் சொல்ற பொது அமைப்பு இந்தியாவுல இல்லை. அதனால சமூக வலைதளத்துல "டிராக்கர்"னு பேர் வெச்சுக்கிட்டு சொல்றவங்க எல்லாருமே ஓரளவு ஊகிக்கிறாங்க. நல்ல டிராக்கர் தியேட்டர் மேனேஜர்கள் நாலு பேர்கிட்ட போன் போட்டுக் கேட்டு ஊகிக்கிறார். மத்தவங்க வாட்ஸ்அப்ல வந்ததை எடுத்து, கடைசி இலக்கத்தை மாத்திப் போடுறாங்க.

வட அமெரிக்கா, பிரிட்டன் மாதிரி இடங்கள்ல காம்ஸ்கோர் நிறுவனம் தியேட்டர்கள்கிட்ட இருந்தே எண்களைத் திரட்டுது. அதனால டாலர், பவுண்டுல வர்ற கணக்கு மேல கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். அதை எந்த மாற்று விகிதத்துல ரூபாயாக்கினாங்கன்னு மட்டும் பாருங்க.

நீங்களே ஒரு எண்ணைச் சோதிக்கணும்னா, முதல்ல மேல்வரம்பு போடுங்க. தமிழ்நாட்டுல இருக்கிறது ஆயிரத்துச் சொச்சம் திரைகள். ஒரு படம் 800 திரையில, சிறப்பு அனுமதியோட 5 காட்சி ஓடுதுன்னா 4,000 காட்சி. சராசரி 400 இருக்கைன்னா 16 லட்சம் இருக்கை. சராசரி டிக்கெட் 140 ரூபாய்னா, ஒரு சீட் காலியில்லாம நிரம்பினாலும் 22 கோடியே 40 லட்சம். அதே 800 திரை, அதே 5 காட்சி கணக்குல ஒருத்தர் முதல் நாள் தமிழ்நாட்டுல மட்டும் 40 கோடின்னு எழுதினா, ஆள் எங்கே உட்கார்ந்தாங்கன்னு கேளுங்க.

இதுல ஒரு ஓட்டை உண்டு. முதல் நாள் ரசிகர் காட்சி டிக்கெட் பல ஊர்ல அச்சடிச்ச விலைக்கு விக்கிறதில்லை. 500, 1,000-னு கை மாறும். அந்தக் கூடுதல் பணம் டி.சி.ஆர்-ல ஏறாது, வரியும் கட்டினதில்லை. சிலர் அதையும் குத்துமதிப்பாச் சேர்த்துச் சொல்லிடுறாங்க. ஒரே நாளுக்கு ரெண்டு பேர் ரெண்டு எண் சொல்றதுக்கு இது ஒரு காரணம்.

[திரையில்: இருக்கை வரைபடம். சாம்பல் நிறக் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவக்கும்.]

அடுத்தது இருக்கை வரைபடம். புக்கிங் ஆப்ல சாம்பல் நிறத்துல இருக்கிற சீட்டை எல்லாம் எண்ணி "90 சதவீதம் ஃபுல்"னு போடுறாங்க. இங்கேதான் ரொம்ப பேர் சறுக்குறாங்க. கவுன்டர்ல விக்கிறதுக்கு ஒதுக்கின சீட், ரசிகர் மன்றத்துக்குப் பிடிச்சு வெச்ச சீட், முன்வரிசை மலிவு டிக்கெட் எல்லாமே பெரும்பாலும் அதே நிறத்துலதான் தெரியும். விக்காமலே வித்த மாதிரி நிக்கும்.

சரியாப் பார்க்கணும்னா இப்படிப் பண்ணுங்க. புக்கிங் திறந்த உடனே வரைபடத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அப்பவே வரிசை வரிசையா அடைஞ்சிருக்கிற கட்டங்கள்ல பெரும்பகுதி ஒதுக்கீடு. காட்சிக்குப் பத்து நிமிஷம் முன்னாடி இன்னொண்ணு எடுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம்தான் ஆன்லைன்ல வித்தது. சில தியேட்டர்ல ஒதுக்கீட்டைக் கடைசி நேரத்துல திறந்து விடுவாங்க. சாம்பலா இருந்த சீட் திரும்பக் காலியாத் தெரியும். அப்படி நடந்தா கூட்டம் குறைவுன்னு அர்த்தம். நகர மல்டிபிளெக்ஸ் மட்டும் பார்க்காதீங்க. சென்னையில ரெண்டு, மதுரை மாதிரி ஊர்ல ரெண்டு, தாலுகா ஊர்ல கவுன்டரையே நம்பி ஓடுற தியேட்டர் ஒண்ணு. தாலுகா தியேட்டருக்கு ஆப் உதவாது. அங்கே யாராவது தெரிஞ்சவங்க நேர்ல போய்ப் பார்த்தாதான் உண்டு.

சனி, ஞாயிறு எதையும் நிரூபிக்காது. நடிகரோட பேருக்கே அந்த ரெண்டு நாள் கூட்டம் வந்துடும். திங்கட்கிழமை மேட்னி பாருங்க. விடுமுறை இல்லாத திங்கள்ல, வெள்ளிக்கிழமை வசூல்ல பாதி நின்னா படம் பிடிச்சிருக்கு. கால்வாசிக்குக் கீழே போனா அடுத்த வாரத்தை எதிர்பார்க்க வேண்டாம். மூணாவது நாளே "சக்சஸ் மீட்" வைக்கிறாங்களே, அது இந்தத் திங்கட்கிழமைக்கு முந்திக்கத்தான்.

போஸ்டர் நிக்கிற நாளையும் கவனிங்க. முதல் நாள், ரெண்டாம் நாள், மூணாம் நாள்னு தினம் எண் போட்ட நிறுவனம், செவ்வாய்க்கிழமையில இருந்து "மக்களின் பேராதரவுடன்"னு மட்டும் போட்டா, எண் போடுற அளவுக்கு வரலைன்னு எடுத்துக்கலாம். எனக்குத் தெரிஞ்சு இதைவிட நேர்மையான வசூல் ரிப்போர்ட் கிடையாது. வார்த்தை மாறுறதும் அப்படித்தான். "உலகளவில் கிராஸ்"ங்கிறது ஒருநாள் சத்தமில்லாம "வியாபாரம்"னு மாறும். அப்போ ஓ.டி.டி, சாட்டிலைட் விலையையும் உள்ளே தள்ளிட்டாங்கன்னு புரிஞ்சுக்கணும்.

கடைசியா வியாழக்கிழமை ராத்திரி. அடுத்த நாள் புதுப் படம் வருது. பழைய படத்துக்கு எத்தனை தியேட்டர் மிச்சம், அதுல எத்தனை காட்சின்னு ஆப்லயே தெரியும். 5 காட்சி ஓடின திரையில காலை 11 மணிக் காட்சி ஒண்ணு மட்டும் மிஞ்சியிருந்தா, தியேட்டர்காரர் தன் கையில இருக்கிற டி.சி.ஆர்-ஐப் பார்த்துட்டுதான் அந்த முடிவுக்கு வந்திருக்கார். போஸ்டர்ல இருக்கிற எண்ணைப் பார்த்து அவர் காட்சி ஒதுக்க மாட்டார்.