டேப் எடுத்து உங்கள் அறையை அளந்து பாருங்கள்

வணக்கம். லண்டனில் வாடகைக்கு இருப்பவர்களுக்காக, குறிப்பாக ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் ஒரே வீட்டில் ஏழெட்டுப் பேராகத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்காக இந்த வீடியோ.

நான் நிற்பது எனக்குத் தெரிந்த தம்பி ஒருவரின் அறை. வீட்டின் முன்கூடமாக இருந்ததை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருக்கிறார்கள். ஜன்னலில் பாதி பக்கத்து அறைக்குப் போய்விட்டது, பாருங்கள். இப்போது டேப்பைப் பிடிக்கிறேன். நீளம் 2.9 மீட்டர், அகலம் 2.1. பெருக்கினால் 6.09 சதுர மீட்டர். லைசென்ஸ் தேவைப்படும் பகிர்வு வீட்டில், பெரியவர் ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர் இருக்க வேண்டும். இருவர் என்றால் 10.22. இங்கே இரண்டு கட்டில் கிடக்கிறது! மாடி அறைக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: கூரை சரிந்து 1.5 மீட்டருக்கும் கீழே இறங்கும் இடம் கணக்கில் சேராது.

ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறை, குளியலறையைப் பகிர்ந்து வாழ்ந்தால் அந்த வீட்டுக்கு எச்.எம்.ஓ, அதாவது பலர் பகிர்ந்து வாழும் வீட்டுக்கான, லைசென்ஸ் கட்டாயம். 2018 அக்டோபர் வரை மூன்று மாடி வீடுகளுக்குத்தான் இந்த விதி. இப்போது மாடிக் கணக்கே கிடையாது. பல கவுன்சில்கள் (உள்ளாட்சி அமைப்புகள்) மூன்று பேர் இருந்தாலே லைசென்ஸ் கேட்கின்றன. உங்கள் வீட்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா, எத்தனை பேருக்கு என்பதைக் கவுன்சிலின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை.

அளவுக்கு ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்குக் கிழக்கு லண்டனின் ஷாட்வெல்லை நினைவூட்டுகிறேன். 2023 மார்ச்சில் அங்கே ஒரு ஃபிளாட்டில் லித்தியம் பேட்டரி தீப்பற்றி ஒருவர் இறந்தார். மூன்று பேருக்கு லைசென்ஸ் பெற்ற அந்த வீட்டில் பதினைந்து பேருக்கும் மேல் தங்கியிருந்தார்கள். பிழைக்க வந்த இடத்தில் படுக்கையோடு சாவதா? எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

வீட்டைப் பற்றிக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. முறையான விசாவில் இருப்பவர் வீட்டைப் பற்றிப் புகார் செய்வதால் விசாவுக்கு எந்தக் குந்தகமும் வராது. வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 21ஆம் பிரிவு நோட்டீஸுக்கு 2026 மே 1 முதல் இடமில்லை. நீதிமன்ற உத்தரவில்லாமல் வாடகைதாரரை வெளியே தள்ளிப் பூட்டை மாற்றுவது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டுக்காரரும் அதே வீட்டில் உங்களோடு வசிக்கிறார் என்றால் மட்டும் இந்தப் பாதுகாப்பு குறைவு. அப்படிப்பட்டவர்கள் முதலில் ஆலோசனை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

புகார் எழுதும்போது “வீடு மோசம்” என்று பொதுவாக எழுதாதீர்கள். அறையின் அளவு, தலைக்கணக்கு, எந்த மாடியில் புகை அலாரம் இல்லை, அலமாரிக்குப் பின்னால் எத்தனை அடிக்குப் பூஞ்சணம், எல்லாம் தேதியோடு, படத்தோடு போக வேண்டும். 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் வீட்டு அபாயங்களை வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதில் மிகக் கடுமையான முதல் வகுப்பு அபாயம் என்று கவுன்சில் அதிகாரி கண்டால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். லைசென்ஸ் இல்லாத எச்.எம்.ஓ என்று சந்தேகப்பட்டால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்தச் சந்தேகம் இருந்தால் அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமலே வரலாம். கட்டில்களை ஒளித்துவைக்க நேரம் கிடைக்காது.

லைசென்ஸ் இல்லாமல் நடத்திய வீட்டில் கொடுத்த வாடகையைத் தீர்ப்பாயத்தில் திரும்பக் கேட்கலாம். 12 மாத வாடகை வரை என்றிருந்ததை, 21ஆம் பிரிவை நீக்கிய அதே புதிய சட்டம் 24 மாதமாக்குகிறது. ஆனால் கொடுத்ததற்குச் சான்று வேண்டும். ரொக்கமாகக் கொடுப்பவர்கள் இந்த மாதமே வங்கி வழிக்கு மாறுங்கள். வீட்டுக்காரர் மறுத்தால், “இன்று இவ்வளவு கொடுத்தேன்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள்.