வாசல் காப்பவரின் வீடு

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் பழைய பிரபுக்களின் மாளிகைகளைப் பார்க்கப் போகிறவர்கள் வெளி கேட்டைத் தாண்டி விரைந்துவிடுவார்கள். இன்று நாம் அந்த கேட்டருகிலேயே நிற்போம். அதைத் திறந்து மூடும் காவலர் குடும்பத்துக்கு அங்கே ஒரு சின்ன வீடு உண்டு.

பக்கிங்காம்ஷயரில் டைரிங்கம் என்று ஓர் எஸ்டேட், அதாவது மாளிகையும் அதைச் சுற்றிய நிலமும். 1790-களில் வில்லியம் பிரேட் என்ற வங்கியாளருக்காக அதன் வாசலை வடிவமைத்தவர் ஜான் சோன். பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கும் அவர்தான் கட்டடக் கலைஞர். நடுவில் அரைவட்ட வளைவு, இருபுறமும் ஒரே அச்சில் வார்த்தது போல இரண்டு வீடுகள். பூவேலை, சிற்பம் என்று கண்ணைப் பறிப்பது எதுவும் இல்லை. வளைவைச் சுற்றிக் கல்லில் கீறிய கோடுகளே அலங்காரம். அந்தக் காலத்தில் இவ்வளவு எளிமையாகக் கட்டப் பெரிய துணிச்சல் வேண்டும். ஆங்கிலக் கட்டடக் கலையின் மிகச் சிறந்த வாசல் இதுதான் என்பேன்.

ஆனால் இந்த இரட்டை வீட்டு வழக்கத்தை உள்ளே குடியிருந்தவர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். கோச்சு வண்டியில் வரும் விருந்தாளிக்கு இரு பக்கமும் ஒத்திருப்பது அழகு. பல எஸ்டேட்டுகளில் காவலர் குடும்பத்துக்கு ஒரு பக்கம் அடுப்படி, எதிர்ப்பக்கம் படுக்கை. பனி கொட்டும் இரவில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டிப்பாதையைக் கடந்துதான் தூங்கப் போக வேண்டும். இதைச் சொல்லாமல் அந்த அழகை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் ஒற்றை வீடுகள் பெருகின. செங்குத்தான கூரை, செதுக்கிய மர விளிம்பு, வீட்டுக்கு மீறிய உயரத்தில் புகைபோக்கி. எனக்குப் பிடித்தது முன்பக்கம் துருத்தி நிற்கும் ஜன்னல்: வீட்டுக்குள் இருந்தபடியே சாலையின் இரு திசையும் தெரியும். அப்புறம், சிறிய கட்டடம் என்பதால் புதிதாக எதையும் துணிந்து செய்து பார்க்கலாம். லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் 1860-களில் நெஸ்ஃபீல்ட் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய செங்கல் வாசல் வீடு அப்படித்தான். ஆன் அரசியின் பெயரால் அழைக்கப்படும் பழைய செங்கல் கட்டடப் பாணியான குயீன் ஆன் பாணி மறுபடி தலையெடுத்ததன் முதல் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

20-ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. பல இடங்களில் வாசல் வீடு மட்டும் மிஞ்சியது. இன்றும் அவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உள்ள வீட்டில் முகப்பை மாற்ற அனுமதி எளிதில் கிடைக்காது. அதனால் கூடுதல் அறை வேண்டுமென்றால் பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் கட்டிக்கொள்கிறார்கள்.