இன்ஜின் ஏற்ற இரண்டு நாள், வயரிங்குக்கு இரண்டு மாதம்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஆட்டோ எலெக்ட்ரீசியன் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் 11 வருடம் ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வயரிங் வேலை பார்த்தேன். அங்கே செய்த வேலைகளில் என் தூக்கத்தை அதிகம் கெடுத்த ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுழன்று காற்றை இன்ஜினுக்குள் அழுத்தும் விசிறி, வைத்த ரோட்டரி இன்ஜினைக் கழற்றி வேறொரு வண்டியில் ஏற்றினால், வயரிங்கில் என்னென்ன பாடு வரும் என்பது.

அந்த இன்ஜின் மஸ்தா கம்பெனியுடையது. மஸ்தா என்றதும் நம் ஊரில் பலருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போன சுவராஜ் மஸ்தா வேன்தான் ஞாபகம் வரும். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர்கள் ஜப்பானில் ஹிரோஷிமாக்காரர்கள். ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வாங்கெல் என்பவர் கண்டுபிடித்த ரோட்டரி இன்ஜினைச் செய்யும் உரிமையை வாங்கி, 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற காரில் வைத்து விற்றார்கள். 1978இல் ஆர்எக்ஸ்-7 என்ற ரோட்டரி கார் வந்தது. 1991இல் பிரான்சில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ரோட்டரி இன்ஜின் வைத்த மஸ்தா 787பி முதலாவதாக வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்று வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது. ஆனால் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். குழவி ஒரே இடத்தில் நின்று சுற்றுவதில்லை. குழியின் சுவரை ஒட்டிச் சுற்றி வந்துகொண்டே தானும் சுழலும். அந்தக் குழவிக்கு மூன்று மூலை, குழியோ நடுவில் லேசாக இடுங்கிய நீள்வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டரி இன்ஜின் கிட்டத்தட்ட அதுதான். பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது. ரோட்டரின் மூன்று முனையிலும் சுவரை உரசிக்கொண்டே போகும் மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அதற்கு அபெக்ஸ் சீல் என்று பேர். ஆர்எக்ஸ்-7இல் வைத்த 13பி என்ற இன்ஜினில் 1986 மாடலில் இருந்து அதன் கனம் 2 மில்லிமீட்டர்தான். இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1308 சிசி. நம் ஊர்ச் சின்னக் கார்களின் இன்ஜின் அளவுதான். அதில் டர்போவை வைத்து 200 குதிரைத் திறன் எடுத்தார்கள்.

அந்த 2 மில்லிமீட்டர் தகட்டை மறந்துவிடாதீர்கள். மற்ற இன்ஜின்களில் வயரிங்கில் தப்பு நடந்தால் பெரும்பாலும் வண்டி நின்றுபோகும், தள்ளிக்கொண்டு வந்து சரிசெய்யலாம். டர்போ ரோட்டரியில் பெட்ரோல் கொஞ்சம் குறைந்தாலோ, தீப்பொறி நேரம் தப்பினாலோ உள்ளே வெடிப்பு முறை கெடும், சீல் உடையும். உடைந்த துண்டு வெளியே போகும்போது டர்போவின் இறக்கையையும் சிதைத்துவிட்டுத்தான் போகும். வயரில் விட்ட பிழை இரும்பில் போய் முடிகிறது.

இதைக் கேட்கிற தம்பிமார்கள் யாராவது நம் ஊரிலேயே செய்து பார்க்கலாமே என்று நினைத்தால், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இப்படி ஒரு வண்டியைக் கட்டினால் அது பந்தயத் தளத்துக்கான வண்டிதான். பாளையங்கோட்டை ரோட்டில் ஓட்டுவதற்கு இல்லை.

சரி, ஷார்ஜாவுக்கு வருகிறேன். எங்கள் பட்டறைக்கு ஒரு பழைய டட்சன் பிக்கப் வந்தது. கார்புரேட்டர் காலத்து வண்டி. ஹெட்லைட், ஹாரன், வைப்பர், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் ஒரு இக்னிஷன் காயில், டைனமோ. மொத்த வயரிங்கும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். அதில் 1989க்குப் பிந்தைய ஆர்எக்ஸ்-7 டர்போ இன்ஜினை ஏற்ற வேண்டும். மெக்கானிக்குகள் இரண்டே நாளில் ஏற்றிவிட்டார்கள். வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, வயர்தானே பாக்கி, நாளைக்கு ஓட்டலாமா என்று கேட்டார். எங்கள் மேஸ்திரி கடையநல்லூர்க்காரர், நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைப் பார்த்து, "தம்பி, அவசரப்படாதீங்க. முதல்ல அந்த வயர் செட்டை மேசையில விரிச்சுப் போட்டு, எது எங்க போகுதுன்னு எழுதுங்க" என்றார்.

எழுத மட்டும் ஒன்பது நாள் ஆனது. பழைய வண்டியை உடைக்கிறவர்கள் இன்ஜினை எடுக்கும்போது வயர் செட்டைக் கட்டரால் ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்கள். நுனி நுனியாகத் தொங்கும். கம்பெனி வரைபடத்தில் கருப்பில் வெள்ளைக் கோடு, பச்சையில் மஞ்சள் கோடு என்று இருக்கும். பல வருட எண்ணெயும் சூடும் பட்டபிறகு வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுபோலத்தான் தெரியும். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அப்புறம் நிறத்தை நம்புவதையே விட்டுவிட்டு, மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு வயரையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தொட்டுப் பார்த்துப் பேர் கட்டினேன். டர்போ பக்கம் போகிற வயர்கள் அப்பளம் மாதிரி நொறுங்கின. ரோட்டரியின் புகைச் சூடு மற்ற இன்ஜின்களைவிட அதிகம். அந்தப் பகுதி முழுவதற்கும் சூடு தாங்கும் புது வயர் இழுத்து, மேலே கண்ணாடி நூல் உறை போட்டேன்.

தீப்பொறி விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இந்த இன்ஜினில் ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் நான்கு. கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். லீடிங் முதலில் பற்ற வைக்கும். டிரெய்லிங் கொஞ்சம் பிந்தி, மீதியை எரிக்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, அந்த இடைவெளி 15 டிகிரி. லீடிங் இரண்டுக்கும் சேர்த்து ஒரே காயில், இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் பொறி விடும். அதனால் முன் ரோட்டர் வயரும் பின் ரோட்டர் வயரும் இடம் மாறினால்கூட ஒன்றும் ஆகாது. டிரெய்லிங்குக்கோ தனித்தனிக் காயில். அங்கே மாறினால் இன்ஜின் திணறும், சைலன்சரில் வெடிக்கும். இதைவிட ஆபத்து லீடிங் வயரும் டிரெய்லிங் வயரும் மாறிப்போவது. பின்னால் வரவேண்டிய பொறி முன்னால் வந்துவிடும். ஐடிலில் பெரிதாகத் தெரியாது. டர்போ காற்றை அழுத்தும்போதுதான் தெரியும், அதற்குள் சீல் போயிருக்கும். காயிலில் இருந்து பிளக் வரை ஒவ்வொரு வயரிலும் பெயிண்ட் அடையாளம் வைக்காமல் நான் இந்த வேலையைத் தொடுவதில்லை.

பெட்ரோலையும் பொறியையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஈசியூ என்று பேர். இன்ஜின் சுற்றுவதை அந்த ஈசியூவுக்குச் சொல்லும் சென்சாரிலும் இதே மாதிரி ஒரு கண்ணி உண்டு. அது காந்தமும் சுருளும் சேர்ந்தது, மிகச் சின்ன மின்சாரம்தான் தரும். அதன் இரண்டு வயரும் இடம் மாறினால் சில நேரம் இன்ஜின் ஓடவும் செய்யும், ஆனால் வேகம் ஏற ஏறப் பொறி நேரம் நகர்ந்துகொண்டே போகும். அந்த வயருக்கு உலோக வலை சுற்றிய கேபிள்தான் போட வேண்டும். வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். பிளக் வயரை ஒட்டிக் கொண்டுபோகக் கூடாது.

அப்படியெல்லாம் செய்தும் முதல் நாள் வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜினுக்கு உயிர் இருக்காது. சாவியை விடும்போது மட்டும் ஒரு உறுமல் உறுமி அடங்கும். அரை நாள் மண்டையைக் குடைந்தேன். காரணம் பழைய வண்டியின் சாவிச் சுவிட்ச். ஈசியூவுக்கு நான் எடுத்திருந்த லைன் ரேடியோவுக்குப் போகிற லைன். ஸ்டார்ட் பக்கம் சாவியைத் திருப்பினால் அது செத்துவிடும். ஆன் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் உயிரோடு இருக்கிற லைனைத் தேடி எடுத்து, அதை வைத்து மெயின் ரிலேயை, அதாவது சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சை, இயக்கியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

எர்த் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரிக்கும் இன்ஜினுக்கும், இன்ஜினுக்கும் பாடிக்கும் கனமான எர்த் கேபிள் இல்லையென்றால், ஸ்டார்ட்டர் இழுக்கிற அவ்வளவு கரண்டும் ஈசியூவின் மெல்லிய எர்த் வயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகிப் புகைந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். பெயிண்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகுதான் போல்ட்டை முறுக்க வேண்டும்.

இப்போது என் கையால் நடந்த சேதத்துக்கு வருகிறேன். டாங்கில் புது எலெக்ட்ரிக் ஃபியூயல் பம்ப் போட்டிருந்தோம். அதற்கு மின்சாரம் பழைய வண்டியில் பின்பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு மெல்லிய வயரில் இருந்து எடுத்தேன். சோதனை விளக்கு எரிந்தது, பம்ப் ஓடியது, ஐடில் அருமையாக இருந்தது. மூன்று நாள் ஓட்டினார்கள். நாலாம் நாள் ராத்திரி, ஹெட்லைட் எரிகிறது, ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது, வண்டிக்காரர் முழுசாக மிதித்திருக்கிறார். கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டார்ட்டரைச் சுற்றினால் ஒரே சீராகக் கேட்க வேண்டிய ஓசை ஒரு பக்கம் ஓட்டை விழுந்த மாதிரி கேட்டது. பாய் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. பம்ப் முனையில் மீட்டரை வைத்து, லைட்டையும் ஃபேனையும் போடச் சொன்னார். 10.8 வோல்ட். பேட்டரியிலோ 13.5 இருந்தது. இடையில் இருந்த மெல்லிய வயரும் பழைய இணைப்புகளும் மீதியைத் தின்றுவிட்டன. ஐடிலில் இன்ஜின் கேட்பது சொட்டுச் சொட்டான பெட்ரோல், அதற்கு அந்த வோல்ட் போதும். டர்போ அழுத்தும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரும் சேர்ந்து கேட்கும், பம்பால் கொடுக்க முடியாமல் போயிருக்கிறது. பின் ரோட்டரின் சீல் இரண்டு துண்டு.

சோதனை விளக்கு எரிந்தால் போதும் என்ற பழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன் என்று எதைப் போட்டாலும் கிடைத்த வயரில் முறுக்கி டேப் ஒட்டிவிடுகிறோம். நம் ஊர் வெயிலுக்கு அந்த டேப் ஒரு சித்திரைகூடத் தாங்காது, பிசின்போல உருகிப் பிரியும். விளக்கு எரிவதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும், மோட்டார் ஓடுவதற்குப் போதாது. வேலை செய்யும்போது, அதன் முனையில், எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளந்தால்தான் அந்த வயர் நல்ல வயரா என்று தெரியும்.

ஆயில் பம்பையும் சொல்லிவிடுகிறேன். ரோட்டரி தன் சீல்களுக்கு ஆயிலைத் தானே சொட்டு விட்டு எரித்துக்கொள்ளும். இந்த மாடலில் அந்தப் பம்பை இயக்குவது ஈசியூ. கனெக்டரை மாட்டாமல் விட்டால் ஈசியூ இன்ஜினை வேகம் பிடிக்க விடாது. வேறு கம்பெனி ஈசியூ போட்டால், பலவற்றுக்கு அந்தப் பம்பை ஓட்டவே தெரியாது. அப்போது பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டியதுதான். டிவிஎஸ் 50 வைத்திருந்தவர்களுக்குப் பழகின வேலை. அந்த மொபெட்டில் ஆயில் மறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது முறை இன்ஜினைப் பிரித்துக் கட்டி ஏற்றியபோது, வண்டிக்காரரிடம் இரண்டு மாதம் கேட்டு வாங்கினேன். பம்புக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கனமான வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், டாங்க் பக்கத்தில் ரிலே, பம்புக்கென்று தனி எர்த். முறுக்கிய இணைப்பு ஒன்றுகூட இல்லை, எல்லாம் உலோக முனையில் வைத்து நசுக்கி, அதாவது கிரிம்ப் செய்து, உறை சுருக்கியது. கடைசி நாள் சாயந்தரம் இன்ஜினை ஓடவிட்டு, லைட், ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பம்ப் முனையில் மீட்டரை வைத்துக் காட்டினேன். 13.2. பாய் மீட்டரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஹாரனையும் அடிக்கச் சொன்னார். எண் அசையவில்லை. "சரி தம்பி, இப்ப வண்டிக்காரரைக் கூப்பிடுங்க" என்றார்.

வணக்கம்.