உற்பத்திக் கலனில் செல்கள் தாமாக இறப்பதை எந்தக் கட்டத்தில் தடுப்பது?

உயிர்த்தொழில்நுட்பம் பயிலும் நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சி.எச்.ஓ. செல்களை (சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து பெறப்பட்டவை) வளர்த்து ஆன்டிபாடி தயாரிக்கும்போது, ஏறக்குறைய எட்டாம் நாளிலிருந்து உயிருள்ள செல்களின் விழுக்காடு சரியத் தொடங்குகிறது. செல் இறப்பைத் தடுக்கும் பி.சி.எல்-2 மரபணுவைப் புகுத்திவிட்டால் இது நின்றுவிடுமா? அவ்வாறு சாக மறுக்கும் செல் புற்றுநோய்ச் செல்லைப் போன்றதுதானே, அதிலிருந்து கிடைக்கும் மருந்து பாதுகாப்பானதா?" இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கே நீண்ட விளக்கம் தேவைப்படுகிறது.

அந்த மரபணு பயன் தரக்கூடியதுதான். ஆனால் அதுவே முதல் வேலை அன்று. செல் எந்தக் காரணத்தால் இறக்க முடிவெடுக்கிறது என்பதைக் கண்டறிந்து அந்தக் காரணத்தை நீக்குவது முதல் வேலை. அதன் பிறகும் மிஞ்சும் இறப்பை, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா சேதமடைவதற்கு முந்தைய படியில் தடுப்பது இரண்டாம் வேலை. இந்த வரிசை மாறினால், சாயச் சோதனையில் உயிருள்ளதாகத் தோன்றினாலும் புரதம் சுரக்காத செல்கள்தாம் நமக்கு மிஞ்சும்.

செல் தானாக இறக்கும் இந்த நிகழ்வுக்கு அப்போப்டோசிஸ் என்ற பெயரை 1972-இல் கெர், வைலி, கரி ஆகிய மூவரும் சூட்டினார்கள். உடலுக்குள் இது மிகவும் ஒழுங்கான நிகழ்வு: செல் சுருங்குகிறது, மரபுப்பொருள் துண்டாகிறது, சவ்வு சூழ்ந்த சிறு பொதிகளாகச் செல் பிரிகிறது, அப்பொதிகளை மேக்ரோபேஜ்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் விழுங்கிவிடுகின்றன. உற்பத்திக் கலனில் விழுங்குவதற்கு எவரும் இல்லை. பொதிகள் அப்படியே மிதந்து, சிறிது நேரத்தில் சவ்வு கிழிந்து, உள்ளிருப்பதையெல்லாம் ஊடகத்தில் (செல்கள் வளரும் ஊட்டக் கரைசலில்) கொட்டிவிடுகின்றன. அவ்வாறு வெளியேறும் புரதச் சிதைப்பு நொதிகள் நாம் சேகரிக்க வேண்டிய புரதத்தையே வெட்டக்கூடும். சியாலிடேஸ் நொதி புரதத்தின் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியிலுள்ள சியாலிக் அமிலத்தை நீக்கிவிடும். சியாலிக் அமிலத்தை இழந்த, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் போன்ற புரதங்கள் நோயாளியின் குருதியில் நெடுநேரம் தங்குவதில்லை. ஆகவே செல் இறப்பு என்பது விளைச்சலைக் குறைப்பதோடு நிற்காமல், ஏற்கெனவே விளைந்ததையும் கெடுக்கக்கூடியது. இந்த இரண்டாவது கேட்டைப் பலர் கவனிப்பதே இல்லை என்பது என் கருத்து.

எட்டாம் நாளில் சரிவு தொடங்குவதாகக் கேள்வியில் சொல்லப்பட்டிருக்கிறது. அதை டிரைபான் புளூ சாயத்தைக் கொண்டு அளந்திருந்தால், உண்மையான தொடக்கம் அதற்கு முன்பே நிகழ்ந்திருக்கும். சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டுமே அந்தச் சாயம் நுழையும். அப்போப்டோசிஸின் தொடக்கக் கட்டத்தில் சவ்வு முழுமையாகவே இருப்பதால், சாவை நோக்கிப் புறப்பட்டுவிட்ட செல்லையும் அது உயிருள்ளதென்றே காட்டும். அக்கட்டத்தில் சவ்வின் உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்குப் பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு மாறிவிடுவதால், அதனோடு ஒட்டும் அனெக்சின்-5 சோதனையையோ, செல்லை உள்ளிருந்து அறுக்கும் நொதியான கேஸ்பேஸ்-3-இன் செயல்பாட்டை அளக்கும் சோதனையையோ ஐந்தாம் நாளிலிருந்தே தினமும் செய்து பாருங்கள். வெள்ளம் வருமுன் அணை கோலுவதற்கு அந்தச் சில நாள் முன்னறிவிப்பு போதுமானது.

இனி காரணங்கள். வளர்சிதைப் பொருள்களில் பெரும்பாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது குளூட்டமின் என்ற அமினோ அமிலம். செல் அதைப் பயன்படுத்தும்போதும் அமோனியா உண்டாகிறது. ஊடகத்தில் வெறுமனே இருந்தாலும் 37 டிகிரி செல்சியஸில் அது தானாகவே சிதைந்து அமோனியாவைத் தருகிறது. அதனால்தான் பலர் அலனைல்-குளூட்டமின் என்ற நிலையான இரட்டை அமினோ அமிலத்துக்கு மாறுகிறார்கள், அல்லது குளூட்டமினைத் தானே தயாரிக்கும் குளூட்டமின் சின்தடேஸ் நொதியைக் கொண்ட செல் வழியை (ஒரே மூலத்திலிருந்து பெருகிவரும் செல் வகையை) தேர்ந்தெடுத்து, குளூட்டமினே இல்லாத ஊடகத்தில் வளர்க்கிறார்கள். குளுக்கோஸை ஒரேயடியாக அதிகம் கொடுத்தால் லாக்டேட் என்ற அமிலக் கழிவு குவிகிறது. அதை நடுநிலைப்படுத்தக் காரம் சேர்க்கச் சேர்க்கச் சவ்வூடு அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தமும் இறப்பைத் தூண்டுகிறது. மறுபுறம், அஸ்பரஜின், சிஸ்டீன் போன்ற அமினோ அமிலங்களில் ஒன்று தீர்ந்துபோனாலும் அதே பாதை திறந்துகொள்ளும். எனவே ஊட்டத்தைத் தீர்ந்த பிறகு ஊற்றாமல், அளவீட்டின்படி தீர்வதற்கு முன்பே சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். உற்பத்தியைக் கூட்டுவதற்காகச் சோடியம் பியூட்டிரேட் சேர்ப்பவராக இருந்தால், அதுவே அப்போப்டோசிஸைத் தூண்டக்கூடிய பொருள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

குமிழ்கள் வெடிப்பதால் ஏற்படும் இறப்பு வேறு வகை. அது பெரும்பாலும் சவ்வு நேரடியாகக் கிழியும் நெக்ரோசிஸ். எந்த மரபணுவும் அதைத் தடுக்காது, குமிழ்களிடமிருந்து செல்களைக் காக்கும் பொலாக்சமர் 188 என்ற பொருளைச் சேர்ப்பதுதான் வழி.

செல்கள் போதிய அடர்த்தியை எட்டிய பிறகு வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 30 முதல் 33 டிகிரிக்கு இறக்குவதை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். செல் பிரிதல் மெதுவாகிறது, குளுக்கோஸ் செலவும் லாக்டேட் சேர்க்கையும் குறைகின்றன, இறப்பு தள்ளிப்போகிறது. பல செல் வழிகளில் ஒவ்வொரு செல்லும் சுரக்கும் புரதத்தின் அளவு கூடவும் செய்கிறது. ஆனால் எல்லாச் செல் வழிகளிலும் அப்படி நிகழ்வதில்லை என்பதால், உங்கள் செல்லில் சோதித்தே முடிவெடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகே மரபணுவுக்கு வர வேண்டும். ஊட்டக் குறைவு, நச்சுச் சேர்க்கை, புரதங்கள் மடிக்கப்படும் இடமான எண்டோபிளாச வலையில் அவை தேங்குவது ஆகிய நெருக்கடிகள் எல்லாம் மைட்டோகாண்ட்ரியாவில் வந்து கூடுகின்றன. அங்கே பேக்ஸ், பேக் ஆகிய இரண்டு புரதங்கள் வெளிச்சவ்வில் துளையிடுகின்றன. சைட்டோக்ரோம் சி என்ற புரதம் வெளியேறுகிறது. அது கேஸ்பேஸ்-9 நொதியையும், அதன் வழியாகக் கேஸ்பேஸ்-3 நொதியையும் எழுப்புகிறது. பிறகு செல் உள்ளிருந்தே அறுக்கப்படுகிறது. பி.சி.எல்-2, பி.சி.எல்-எக்ஸ்.எல் ஆகியவை துளையிடுதலைத் தடுப்பவை. எக்ஸ்.ஐ.ஏ.பி. என்ற புரதமோ, பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோவைரஸின் பி35 புரதமோ கேஸ்பேஸ்களைத் தடுப்பவை. கேஸ்பேஸை மட்டும் தடுத்தால், துளையிட்டு முடிந்த மைட்டோகாண்ட்ரியா அப்படியேதான் இருக்கும். ஆற்றல் உற்பத்தி குலைந்த அந்தச் செல் சற்றுத் தாமதமாக வேறு வழியில் இறக்கும். ஆகவே துளையிடுவதற்கு முன் தடுப்பதே சரி என்று கருதுகிறேன்.

அதிலும் கூடுதலாக ஒரு மரபணுவைப் புகுத்தி, அதன் புரதத்தையும் செல் ஓயாமல் தயாரிக்கும்படி செய்வதைக் காட்டிலும், துளையிடும் பேக்ஸ், பேக் மரபணுக்களையே நீக்கிவிடுவது எனக்கு மேலான வழியாகத் தோன்றுகிறது. டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் துத்தநாக விரல் நியூக்ளியேஸ்களைக் கொண்டு இரண்டையும் நீக்கிய சி.எச்.ஓ. செல்கள் 2010-இலேயே வெளியிடப்பட்டன. எந்த வழியை எடுத்தாலும், உயிர்விழுக்காட்டை மட்டும் பார்த்து வெற்றி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இறப்பைத் தடுத்த வழிகள் சிலவற்றில் விளைச்சலும் கூடுகிறது. சிலவற்றில் செல்கள் பல நாள் வாழ்ந்தும் புரதம் கூடுவதில்லை. ஒரு செல் ஒரு நாளில் சுரக்கும் அளவு, இறுதியில் கிடைத்த மொத்தப் புரதம், அதன் சர்க்கரைச் சங்கிலிகளின் தரம் ஆகிய மூன்றையும் மாற்றப்படாத தாய்ச் செல்லோடு ஒப்பிட வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன். சி.எச்.ஓ. செல்கள் எந்த மாற்றமும் செய்யாமலேயே முடிவின்றிப் பெருகக்கூடியவை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் திசு பிளாஸ்மினோஜன் ஆக்டிவேட்டர் மருந்துக்கு 1987-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது முதல், அவற்றிலிருந்து மருந்துகள் எடுக்கப்பட்டு வருகின்றன. நோயாளிக்குச் செல்வது தூய்மைப்படுத்தப்பட்ட புரதம் மட்டுமே. செல்கள் வடிகட்டி நீக்கப்படுகின்றன, எஞ்சும் டி.என்.ஏ.வின் அளவுக்கும் ஒழுங்குமுறை வரம்பு உண்டு. எனவே இங்கே அந்த அச்சம் வேண்டியதில்லை. ஆனால் செல்லையே மருந்தாகச் செலுத்தும் சிகிச்சைகளில் உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது: சாக மறுக்கும் நிலையான மரபணு மாற்றத்தோடு ஒரு செல்லை உடலுக்குள் அனுப்பக் கூடாது. அங்கே தற்காலிகமாகச் செயல்பட்டுக் கழுவி நீக்கக்கூடிய வேதிப்பொருள்களே பொருத்தமானவை. தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட மனிதக் கருக் குருத்தணுக்கள் பெருமளவில் இறப்பதை ராக் கைனேஸ் என்ற நொதியைத் தடுக்கும் வேதிப்பொருளான ஒய்-27632 குறைக்கிறது என்று 2007-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிரித்து விதைத்த முதல் நாள் மட்டும் அதை ஊடகத்தில் வைத்திருந்து, மறுநாள் ஊடகத்தை மாற்றிவிடுவது இன்று வழக்கமான நடைமுறையாக இருக்கிறது.