படிப்புக்குத் துணையே வளாக வாழ்க்கை

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் இருக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் என் வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மன்றம், விளையாட்டு, தொண்டு என்று வளாக வாழ்க்கையில் ஈடுபடுவது படிப்புக்குத் துணையா, தடையா? இதுதான் இன்றைய தலைப்பு. துணையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். ஒன்று, மாணவர்களுக்கு நேரமே இல்லை. இன்னொன்று, மன்றம் மன்றம் என்று அலைந்தவர்கள் கடைசியில் அரியரோடு நிற்கிறார்கள்.

முதலில் நேரம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், நடுவர் அவர்களே. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் முழுநேரப் படிப்புக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, ஆய்வகம், தனியாகப் படிப்பது, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். ஆண்டுக்கு அதிகபட்சம் 1,800 மணி நேரம் ஆகிறது. 40 வாரம் படிப்பு நடப்பதாக வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 45 மணி. வாரத்தில் இருப்பது 168 மணி. தூக்கத்துக்கு நாளுக்கு 8 மணி வீதம் 56 போகட்டும். சாப்பாடு, குளியல், போக்குவரத்துக்கு நாளுக்கு 4 மணி வீதம் 28 போகட்டும். அப்புறமும் 39 மணி மிச்சம் இருக்கிறது. ஒரு நாடகக் குழுவோ விவாத மன்றமோ சாதாரண வாரத்தில் கேட்பது நாலைந்து மணி. மீதி நேரம் எங்கே போகிறது என்று அவரவர் கைப்பேசி காட்டும் திரைநேரத்தைப் பார்த்தாலே தெரியும்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவரைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

சரி, நேரம் இருக்கிறது. அதை ஏன் வளாகத்தில் செலவழிக்க வேண்டும்? மாணவர்கள் பாதியில் படிப்பை விடுவது ஏன் என்பதைப் பற்றி வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்க அறிஞர் 1975-இல் ஒரு கட்டுரை எழுதினார். பாடத்தோடு ஒட்டுவது ஒன்று, அங்கிருக்கும் மனிதர்களோடு ஒட்டுவது இன்னொன்று; இரண்டும் சேர்ந்துதான் ஒரு மாணவரை அங்கே நிலைக்க வைக்கின்றன என்றார். இது நாம் கண்ணால் பார்ப்பதுதான். முதல் பருவத்தில் ஒரு தேர்வில் தோற்றுப்போன இரண்டு மாணவர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார். தனக்கு மட்டும்தான் இப்படி, தான் இந்த இடத்துக்கே தகுதியில்லாதவன் என்று முடிவுகட்டிவிடுகிறார். அடுத்த வாரம் வகுப்புக்குப் போகவே கூசுகிறது. இன்னொருவர் மாலையில் தன் மன்றத்துக்குப் போகிறார். அங்கே அதே துறையில் படிக்கும் சீனியர் ஒருவர் சொல்கிறார்: "அந்தப் பேப்பரில் நானும்தான் போன வருடம் தோற்றேன். விடையை மட்டும் எழுதினால் பேராசிரியர் மதிப்பெண் போடமாட்டார். படிப்படியாக எழுது. நாளைக்கு அவர் அறைக்கே போய்க் கேள், நன்றாகச் சொல்லித்தருவார்." இந்த நாலு வாக்கியங்கள் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை, எந்த நூலகத்திலும் கிடைக்காது. அறைக்குள் 39 மணி நேரமும் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாலும் கிடைக்காது. படிப்பை விட்டுவிடலாமா என்று நினைக்கும் பிள்ளையைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் இப்படி ஒரு பேச்சுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது வேலை பார்க்கும் மாணவருக்கு வருகிறேன். அலெக்சாண்டர் ஆஸ்டின் என்ற இன்னொரு அமெரிக்க அறிஞர் 1984-இல் மாணவர் ஈடுபாடு பற்றி எழுதினார். வளாகத்துக்குள்ளேயே பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் படிப்பில் நிலைத்து நிற்கிறார்கள், வெளியே முழுநேர வேலை பார்ப்பவர்களுக்கு அது நேர்மாறாக அமைகிறது என்றார். நூலக மேசையிலோ ஆய்வகத்திலோ உட்கார்ந்தால் ஆசிரியரையும் சக மாணவரையும் தினமும் பார்க்கலாம். அதுவும் வளாக வாழ்க்கைதான். அந்த மாணவரைப் போய் நடனக் குழுவிலும் சேர் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது அரியர். எதிரணித் தலைவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆஸ்டினே எச்சரித்திருக்கிறார்: விளையாட்டிலேயே மூழ்கியவர்களும் சரி, படிப்பிலேயே மூழ்கியவர்களும் சரி, சக மாணவர்களிடமிருந்து ஒதுங்கிப் போகிறார்கள். முதல் வாரத்திலேயே ஐந்து மன்றங்களுக்குப் பெயர் கொடுப்பவர் திணறத்தான் செய்வார். கலைவிழா ஏற்பாட்டுக் குழுக்கள் மாதக்கணக்கில் நேரத்தைத் தின்னும். இறுதியாண்டு ஆய்வேட்டோடு அந்தப் பொறுப்பையும் ஏற்பது சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் இதற்கு மருந்து மன்றமே வேண்டாம் என்பதா? முதல் பருவத்தில் ஒன்றே ஒன்றில் சேருங்கள். தேர்வு அட்டவணை வந்த அன்றே, இந்த இரண்டு வாரம் வரமாட்டேன் என்று மன்றத்தில் சொல்லிவிடுங்கள். மதிப்பெண் சரிந்தால் ஒரு பருவம் ஒதுங்கி நில்லுங்கள். திரும்பி வரும்போது முகம் சுளிக்கிற மன்றம் உங்களுக்குத் தேவையில்லை.

கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1815-இலும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் 1823-இலும் விவாத மன்றங்களைத் தொடங்கினார்கள். இரண்டும் இன்றும் நடக்கின்றன. ஒவ்வொரு தலைமுறை மாணவர்களும் தேர்வும் எழுதிக்கொண்டு அந்த மன்றங்களையும் நடத்தித்தான் அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, கணக்கு எழுதுவது, கோபத்தோடு எழுந்து போனவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வருவது எல்லாம் செய்து பார்த்தால்தான் வரும். இருபது வயதில், தவறினாலும் வேலை போகாத ஓர் இடத்தில் இதைப் பழகக் கிடைப்பது பெரிய வாய்ப்பு.

"முதலில் பட்டத்தை முடி, மற்றதெல்லாம் அப்புறம்" என்று எதிரணி சொல்கிறது. அடுத்துப் பேச வரும் நண்பரிடம் ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். தோற்றுப்போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அந்த முதலாண்டு மாணவரின் கதவைத் தட்ட, உங்கள் திட்டத்தில் யார் இருக்கிறார்கள்? நன்றி, வணக்கம்.