விஆர் ஹெட்செட் வாங்கலாமா? இரண்டு வாரம் தலையில் மாட்டிப் பார்த்த பிறகு, டர்பனிலிருந்து

வணக்கம் நண்பர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கத்துகிற சத்தம் ஹடேடா பறவை. சாயங்காலமானால் கூரையில் வந்து உட்கார்ந்துவிடும். ஜன்னலை மூடினால் புழுக்கம் தாங்காது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோ, மேசையில் இருக்கிறதே, இந்த வெள்ளைக் கருவியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. மெட்டா க்வெஸ்ட் 3எஸ். கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் சுற்றிலும் ஒரு மெய்நிகர் உலகத்தைக் காட்டுகிற விஆர் ஹெட்செட். என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவர் ஊருக்குப் போகும்போது, இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார். நாளை மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் மகனுக்குப் பதினொரு வயது. இதேபோல் ஒன்று வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்கிறான். எனக்கும் ஆசைதான், மறைக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு உடற்பயிற்சி கிடைக்குமே என்ற ஆசை.

இது கைக்கு வருவதற்கு முன் நான் ஒரு நோட்டில் எண்களாக எழுதி வைத்திருந்தேன். க்வெஸ்ட் 3, 2023 அக்டோபரில் வந்தது. ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 புள்ளிகள். க்வெஸ்ட் 3எஸ் அதற்கு அடுத்த ஆண்டு அதே அக்டோபரில் வந்தது, 1832க்கு 1920. இரண்டிலும் உள்ளே ஒரே சிப். சோனியின் ஹெட்செட்டான பிளேஸ்டேஷன் விஆர்2 2023 பிப்ரவரியில் வந்தது, ஓஎல்இடி திரை, கறுப்பு கறுப்பாகவே தெரியும். இப்படி இரண்டு பக்கம். இந்த இரண்டு வாரத்தில் அந்த நோட்டை நான் திறக்கவே இல்லை. இது என் தலையில் இருபது நிமிடம் இருந்தபோது என்ன ஆனது, என் வீட்டு ஹாலில் என்ன ஆனது, அதுதான் முடிவைத் தந்தது.

முதலில் கண். எனக்கு மைனஸ் 3.5 பவர். திரை கண்ணுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, கண்ணாடி வேண்டாம் என்று நினைத்தேன். தவறு. உள்ளே இருக்கிற லென்ஸ் அந்தப் படத்தை ஒரு மீட்டருக்கும் அப்பால் இருப்பதுபோலக் கண்ணுக்குக் காட்டுகிறது. அதனால் தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு உள்ளேயும் கண்ணாடி வேண்டும். கண்ணாடியோடு மாட்டினால் ஃபிரேம் நெற்றியில் அழுத்துகிறது. அதைவிடப் பயம், என் கண்ணாடி ஹெட்செட்டின் லென்ஸில் உரசிக் கீறல் விழுந்துவிடுமோ என்பது. இரவல் பொருள் வேறு. ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மாட்டினேன். நம் பவருக்கே செய்து உள்ளே பொருத்துகிற லென்ஸ் தனியாக விற்கிறார்கள். கண்ணாடி போடுகிறவர்கள் ஹெட்செட் விலையோடு அதையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. க்வெஸ்ட் 3-இல் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும், அதைத் திருப்பி 58 முதல் 71 மில்லிமீட்டர் வரை நுணுக்கமாக வைக்கலாம். 3எஸ்-இல் மூன்றே நிலைதான்: 58, 63, 68. எனக்கு 61. நடு நிலையில் வைத்தால் சரியாகத்தான் இருந்தது, ஓரத்தில் மட்டும் எழுத்து கலங்கியது. மகனுக்கு 57, அவனுக்கு முதல் நிலை போதும். கண்ணாடிக் கடையில் கேட்டால் இந்த அளவை உங்கள் சீட்டிலேயே எழுதித் தருவார்கள். வாங்குவதற்கு முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தலைசுற்றல். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன், ஏனென்றால் பணம் வீணாகிற இடம் இதுதான். முதல் நாள் ஒரு விளையாட்டில் கையில் பிடிக்கிற கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளித் தள்ளி ஒரு காட்டுப் பாதையில் நடந்தேன். ஏழாவது நிமிடம் கழுத்தில் வியர்வை, வாயில் எச்சில் ஊறல். எட்டாவது நிமிடம் கழற்றிவிட்டுச் சோபாவில் படுத்தேன். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. கண் நடக்கிறேன் என்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு நிற்கிறேன் என்கிறது. இரண்டும் முரண்படும்போது உடம்புக்குப் பிடிக்கவில்லை. ஓடுகிற பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருமே, அதன் மறுபக்கம்.

ஆனால் மறுநாள் பீட் சேபர் ஆடினேன். நாம் நின்ற இடத்திலேயே நிற்போம், பாட்டுக்கு ஏற்ப கட்டைகள் நம்மை நோக்கி வரும், கையில் இருக்கிற ஒளி வாளால் வெட்ட வேண்டும். அரை மணி நேரம் ஆடியும் தலை சுற்றவில்லை. சட்டை நனைந்துவிட்டது, அவ்வளவு வேலை வாங்குகிறது. என் கை எங்கே போகிறதோ அங்கேதான் வாளும் போகிறது, உடம்பும் கண்ணும் ஒரே சேதியைச் சொல்கின்றன. ஆக, எனக்கு விஆர் ஒத்துக்கொள்ளும், நடக்கிற விளையாட்டு ஒத்துக்கொள்ளாது. இது எந்த விமர்சனத்தைப் படித்தும் தெரிந்திருக்காது. முகத்துக்கு நேராக ஒரு மேசை மின்விசிறியை வைத்துக்கொண்டால் நன்றாக உதவுகிறது. காற்று வருகிற திசையை வைத்து நாம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்று உடம்புக்குத் தெரியும். டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் லென்ஸில் ஆவி படிவதும் குறையும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பழகிவிடும் என்று குமட்டலோடு தொடர்ந்து ஆடாதீர்கள். முதல் வியர்வை வந்ததும் கழற்றிவிடுங்கள்.

பக்கத்து வீட்டு ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்பார்கள். அவருடைய குடும்பம் கரும்புத் தோட்ட வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பலான ட்ரூரோ வந்ததற்குப் பிறகு வந்த தலைமுறைகளில் ஒன்று. ஆயா வருடா வருடம் காவடி பார்க்கப் போகிறவர், ஆனால் தமிழ்நாட்டை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மதுரைக் கோவில் தெருவில் எடுத்த 360 டிகிரி வீடியோ ஒன்றைப் போட்டேன். முதலில் அசையாமல் இருந்தார். அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கினார், தூக்கிக்கொண்டே போனார், நாற்காலியில் முதுகு சாய்கிற அளவுக்கு. கோபுரம். கையைக் கூப்பினார். பின்னால் மணிச் சத்தம் கேட்டதும் திரும்பி எழுந்துவிடப் பார்த்தார், தோளைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் கேமரா நடக்க ஆரம்பித்தது. உடனே "போதும்மா, தலை சுத்துது" என்றார். மொத்தம் நான்கு நிமிடம். கழற்றிய பிறகு, "கோபுரம் இவ்ளோ ஒசரமா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு கேமரா ஒரே இடத்தில் நிற்கிற வீடியோக்களாகத் தேடி வைத்தேன். அதில் பத்து நிமிடம்கூட நிம்மதியாகப் பார்க்கிறார். வயதானவர்களுக்குக் காட்டுவதாக இருந்தால் உட்கார வைத்து, பக்கத்திலேயே நின்று, நிற்கிற கேமராவாகப் பார்த்துக் காட்டுங்கள்.

எடை சுமார் 514 கிராம். அரைக் கிலோ என்றால் கையில் ஒன்றுமில்லை. ஆனால் முழுவதும் முகத்தின் முன்னால் தொங்குகிறது. கூடவே வருகிற துணிப் பட்டையில் இருபது நிமிடத்துக்கு மேல் கன்னத்தில் அழுத்தம் தெரிந்தது. பின்னந்தலையைத் தாங்குகிற கெட்டியான பட்டை தனி விலை.

இடம். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும். எங்கள் ஹாலில் டீப்பாயைச் சமையலறைக்குத் தள்ளினால் அந்த அளவு கிடைக்கிறது. நான் தரையை அளந்தேனே தவிர மேலே பார்க்கவில்லை. மகன் கையை ஓங்கியபோது சீலிங் ஃபேன் இறக்கைக்கு ஒரு சாண்தான் மிச்சம். இப்போது ஃபேனை நிறுத்தினால்தான் விளையாட்டு. அதோடு லென்ஸில் நேர் வெயில் படவே கூடாது. அது பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து உள்ளே இருக்கிற திரையைச் சுட்டுவிடும். நம் கிழக்குப் பார்த்த ஜன்னலோரத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

பிளேஸ்டேஷன் விஆர்2-ஐ ஏன் விட்டேன் என்றால், அதற்கு பிளேஸ்டேஷன் 5 என்ற விளையாட்டுப் பெட்டி வேண்டும். எங்களிடம் இல்லை. ஒயர் வேறு. இருக்கிற வீட்டில் அது நல்ல பொருள்தான், படம் அழகு, இங்கே கடைகளில் முறையாகவே கிடைக்கிறது. ஆனால் பீட் சேபருக்கு 2025 ஜூனோடு அதில் புதிய அப்டேட் நின்றுவிட்டது. எங்களுக்கு வேண்டிய விளையாட்டே அதுதான். அப்புறம் மின்சாரம். 2024 மார்ச் கடைசியிலிருந்து லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, ஏறக்குறைய நின்றுபோனது உண்மைதான். ஸ்டேஜ் எண் ஏற ஏற மின்வெட்டு நேரமும் ஏறும்; 2023-இல் ஸ்டேஜ் 6 வரை பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் போகாது. க்வெஸ்ட் தன் பேட்டரியிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், இறக்கி வைத்த பல விளையாட்டுகள் இணையம் இல்லாமலும் ஓடும். இருட்டில் மட்டும் கொஞ்சம் சிரமம். சுற்றியுள்ள அறையை அதன் கேமரா வழியாகத் தெளிவாகப் பார்க்க வெளிச்சம் வேண்டும். எங்கள் சார்ஜ் விளக்கு அதற்குப் போதுமானதாக இருந்தது.

சரி, எங்கே வாங்குவது? மெட்டா இந்த நாட்டில் நேரடியாக விற்பதில்லை. கடைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கிறார்கள். இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் இப்படி இறக்கி விற்கிற ஒருவரிடம் ஆன்லைனில் டேப்லெட் வாங்கினேன். நான்காவது மாதம் திரை செத்துப்போனது. வாரண்டி வெளிநாட்டில்தான், அங்கே அனுப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன். அப்போது சட்டம் தெரியாது. 2008-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் விற்றவரிடமே திருப்பலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணம் திரும்ப வாங்குவதா என்று தேர்ந்தெடுக்கிற உரிமை நமக்கு. அதுவும் தவிர, நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் இறக்கிய பொருள் என்றால் அதைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டியதும் விற்பவர் கடமை. ஆன்லைனில் வாங்கினால் பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், அது 2002-இன் மின்வணிகச் சட்டம். அனுப்பும் செலவு நம்முடையது. பெட்டியைத் திறந்து தலையில் மாட்டிப் பார்த்ததைத் திருப்பினால் என்ன சொல்வீர்கள் என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

லண்டனில் இருக்கும் என் நாத்தனார் டிசம்பரில் வருகிறார், அவரிடம் சொல்லலாமா என்றும் யோசித்தோம். அங்கே 3எஸ் 289.99 பவுண்டுக்கு வந்தது. ஆனால் கையில் கொண்டுவருகிற பொருளுக்கு 5,000 ராண்டு வரைதான் சுங்கத் தீர்வை கிடையாது. பழுதானால் லண்டன்தான் போக வேண்டும். டேப்லெட் கதையே போதும் எனக்கு.

காத்திருக்கலாமா? வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம் 2025 நவம்பரில் ஸ்டீம் ஃபிரேம் என்று ஒரு விஆர் ஹெட்செட்டை அறிவித்தது. கையில் வைத்து விளையாடுகிற அவர்களுடைய ஸ்டீம் டெக்கே இங்கே நேரடி விற்பனைக்கு வரவில்லை. அதற்காக என் பையனின் இன்னொரு வருடத்தைக் காக்க வைக்க மனமில்லை.

பையன் விஷயத்திலும் ஒன்று. மெட்டாவில் பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குப் பெற்றோர் கண்காணிக்கிற கணக்கு இருக்கிறது, அதில்தான் அவன் ஆடுவான். முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற அறைகள் எதுவும் கிடையாது. ஒரு தடவைக்கு இருபது நிமிடம், அப்புறம் வெளியே போய்த் தூரத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். இதை அவனோடு உட்கார்ந்து பேசி, அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த பேச்சு.

ஆக, வாங்குகிறோம். 3எஸ்தான். க்வெஸ்ட் 3-இன் லென்ஸ் நல்லது, ஓரம் வரை தெளிவாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உறவினர் வீட்டில் மாட்டிப் பார்த்தேன். சினிமா பார்க்கவோ, எழுத்து படிக்கவோ, கணினியோடு இணைத்து வேலை செய்யவோ வாங்குகிறவர்கள் அதையே வாங்குங்கள். நாங்கள் கட்டையை வெட்டப் போகிறோம், ஆயா கோபுரம் பார்க்கப் போகிறார். மிச்சமாகிற பணம் என் பவர் லென்ஸுக்கும், கெட்டிப் பட்டைக்கும், இரண்டு விளையாட்டுக்கும் சரியாகப் போய்விடும். ஒரு நல்ல விளையாட்டே 20, 30 டாலர் ஆகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

சம்பளம் வந்ததும் சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். வாரண்டியை எழுத்தில் தருகிற கடை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சார்ஜர் பிளக்குக்கு ஒரு அடாப்டரும் வாங்க வேண்டும். இங்கே, தமிழ்நாட்டில் ஏசிக்குப் போடுகிற அந்தப் பெரிய மூன்று முள் பிளக்தானே. டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ யாராவது தங்கள் பவருக்கு விஆர் லென்ஸ் செய்து போட்டிருந்தால், எங்கே செய்தீர்கள், எத்தனை நாளில் வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். ஆயா இன்றைக்கும் கேட்டுவிட்டார், அடுத்து தஞ்சாவூர் பார்க்கணுமாம்.