அட்டை மட்டும் போதுமா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சேலத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

அரசுப் பணத்தை முதலில் எதில் போடுவது, காப்பீட்டிலா, ஆரம்ப சுகாதார நிலையத்திலா என்பது கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் என்பது எங்கள் அணி. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறதே, அப்புறம் என்ன கவலை என்று எதிரணியில் கேட்டார்கள். அந்தக் காப்பீட்டு அட்டையால் இதய அறுவை சிகிச்சை செய்து பிழைத்தவர்கள் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் அது பெரும்பாலும் ஆள் படுத்த பிறகுதான் உதவிக்கு வருகிறது!

சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து பற்றவைக்கிற ஒரு அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய். தினமும் மாத்திரை வேண்டும். சம்பளச் சீட்டு இல்லை, சம்பளத்தில் பிடித்துத் தரும் ஈ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீடும் இல்லை. மருந்துக்கடையில் அந்த அட்டையை நீட்டினால் மாத்திரை தருவார்களா? வேலை இல்லாத மாதம் மாத்திரையும் இல்லை. இப்படி மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் வரை போகும். அதற்குக் காப்பீடு லட்சக்கணக்கில் கொடுக்கும். சில ரூபாய் மாத்திரையில் தடுத்திருக்கலாமே ஐயா! 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதே மாத்திரையை அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மொத்தமாக, தரம் பார்த்து, மலிவாக வாங்குகிறது. வழி நம் கையிலேயே இருக்கிறது.

பணம் எங்கே என்பீர்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை 2025-க்குள் அரசுகள் மக்கள் நலவாழ்வுக்குச் செலவிட வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்காவது ஆரம்ப நிலை சிகிச்சைக்கு என்றது 2017 தேசிய நலவாழ்வுக் கொள்கை. அதை நாம் எட்டவில்லை. சம்பளத்தில் பிடிக்க வழியில்லாத கூலிக்காரர்கள் நிறைந்த நாட்டில் வரிப்பணம்தான் கதி. சோப்பு வாங்கும்போது அந்த அண்ணனும் வரி கட்டத்தான் செய்கிறார்.

கட்டடத்துக்கு ஒரு தடவை பணம் கிடைத்துவிடும், திறப்பு விழாவும் நடக்கும். செவிலியர் சம்பளம் மாதாமாதம் வேண்டும்; இழுபறி அங்கேதான். ஏற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. மலையில் மக்கள்தொகை குறைவு, தலைக்கு ஆகும் செலவு அதிகம். லாபம் பார்க்கிற தனியார் அங்கே ஏன் வரப்போகிறார்கள்? இரவில் வலி எடுத்த கர்ப்பிணியை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கொண்டுவரும் வரை அட்டை என்ன செய்யும்? எதிரணித் தலைவர் எழுந்து இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.